முந்நூற்றுப் பதினெட்டாம் லாட்

பையிலிருந்த ஒற்றைத் தாளில் ஒரு பெயர் டைப் அடித்திருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. மாலை நாலு மணிக்கு அது முதலாளி மேஜைக்குப் போக வேண்டும்.

போனால், மாமனார் சௌந்தரபாண்டியனின் காக்கிச் சட்டை அன்றோடு ஆணிக்குப் போய்விடும்.

ஐயாதுரை தோசையைப் பிட்டான். சட்னியில் உப்பு இருக்கிறதா இல்லையா, தெரியவில்லை. மனைவி இசக்கி போன பிறகு, பதினான்கு மாதமாக, நாக்குக்கு எதுவும் தெரிவதில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். ஒன்பது நாள். அவ்வளவுதான். அதன் பிறகு இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை விட்டு அவனைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. போகிறேன் என்று சொல்ல அவனுக்கும் வரவில்லை.

மில்லின் கதை இதுவரை வந்தவர்களுக்குத் தெரியும். இப்போது வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை.

ராஜபாளையத்து மில், ஆஸ்பத்திரி பேண்டேஜ் நெய்து, வெளுத்து, பெல்ஜியத்துக்கு அனுப்புகிறது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் சாமான் வியாபாரிகள் இன்டர்நெட்டில் ஒரு நோட்டீஸ் போர்டு வைத்திருக்கிறார்கள். அதில் மூன்று வாரமாக எவனோ பெயர் போடாமல் எழுதுகிறான். 'ராஜபாளையத்துத் துணியில் கறை.' 'சாக்கடைத் தண்ணீரில் வெளுத்தது.' ஒரு தடவை, 'அடுத்த கன்டெய்னர் துறைமுகம் போய்ச் சேராது.' மொத்தம் பதினான்கு. பெல்ஜியம்காரன் படித்துவிட்டுக் கேட்ட பிறகுதான் மில்லுக்கே விஷயம் தெரிகிறது.

அதனால் முதலாளி ராஜரத்தினம் ஒரு முடிவு எடுத்தார். மிரட்டல் எங்கே முளைத்தாலும் அன்றைக்கே கண்டுபிடித்துச் சொல்கிற சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிவிடுவது. இரண்டு கம்பெனிகள் வந்தன. இரண்டையும் பத்து நாள் ஓட்டிப் பார்த்து, எது என்று சொல்ல வேண்டியவன் கம்ப்யூட்டர் பிரிவு ஐயாதுரை.

சென்னைக் கம்பெனியின் பேக்கேஜ் பெரியது. இன்டர்நெட்டைப் பார்ப்பதும் அவர்கள்தான், கேட்டில் ஆள் நிறுத்துவதும் அவர்கள்தான். அதை வாங்கினால் மில்லின் காவல் பிரிவு வீட்டுக்குப் போக வேண்டியது. காவல் பிரிவு என்றால் பதினோரு வாட்ச்மேன்கள். அவர்களுக்கு மேலே, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்த சௌந்தரபாண்டியன்.

மதுரைக் கம்பெனியுடையது சின்னது. இரண்டு ஃப்ளாப்பியில் அடங்கிவிடும்.

தாளில் ஐயாதுரை அடித்திருந்தது சென்னைக் கம்பெனியின் பெயர்.

"இன்னொண்ணு வைக்கவா மாப்ள?"

"போதும் அத்தை."

சீனியம்மாள் கரண்டியோடு நின்றாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். சௌந்தரபாண்டியன் வெளியே பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு பேரு எழுதியிருக்கீக?"

அவள் கேட்பாள் என்று ஐயாதுரை நினைக்கவில்லை. "சென்னைக் கம்பெனி."

"அதுதான் நல்லதா?"

தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"இல்ல."

"பொறவு?"

"மதுரைன்னு எழுதினா, மாமனாரைக் காப்பாத்த எழுதிட்டான்னு சொல்வாங்க. குருசாமி அண்ணாச்சி இப்பவே சொல்லிட்டுத் திரியறாரு."

குருசாமி, முதலாளியின் மனைவிக்குத் தம்பி. மில்லில் மேனேஜர். சென்னைக் கம்பெனியை அழைத்து வந்ததே அவர்தான்.

"அவன் சொல்லத்தான் செய்வான்," என்றாள் சீனியம்மாள். "பொண்டாட்டி போன பொறவும் மாமியா வீட்டுச் சோறுன்னு இந்தத் தெருவே சொல்லுது. அதுக்காக நான் உலை வைக்காம இருக்கேனா?"

அவன் தோசையின் கடைசித் துண்டைப் பிட்டான்.

"உங்க மாமாவுக்கு வேலை போனா போகட்டும். ரெண்டு மாடு நிக்குது, பால் பீச்சிக் குடிப்போம். அவியளைக் காப்பாத்த நீங்க பொய் எழுத வேண்டாம். ஊர் வாய்க்குப் பயந்தும் பொய் எழுத வேண்டாம். ரெண்டும் பொய்தான மாப்ள?"

சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். அவன் கை கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான். தாள் உள்ளேயே இருந்தது.

பஸ்ஸில் சௌந்தரபாண்டியன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். இரண்டு டிக்கெட் எடுத்தார். பத்து நாளாக அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை. மலையைப் பார்த்தார். "மேக்க மழை இருக்கு. மத்தியானத்துக்கு மேல இங்கயும் வரும்," என்றார். ராஜபாளையம் வரைக்கும் ஐயாதுரை தன் பையைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டே வந்தான், உள்ளே பாம்பு இருப்பதுபோல.

மில் கேட்டுக்குள் கால் வைத்தால் உறவு மாறிவிடும். 'மாமா' வெளியே நின்றுவிடும். உள்ளே அவர் 'ஹவில்தார் சார்.' அவருக்கு இவன், கம்ப்யூட்டர் பிரிவின் மில் பெயரில், 'ஈடிபி சார்.' நாலு வருஷமாக அந்த ஒழுங்கு ஒருநாளும் தப்பியதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள்கூட.

கேட்டில் தங்கச்சாமி சல்யூட் அடித்தான். நோட்டை நீட்டினான்.

சௌந்தரபாண்டியனின் கேட் நோட்டு மற்ற மில் நோட்டுகள் மாதிரி இருக்காது. வந்தவன் போனவன் பெயரெல்லாம் வேறு ரிஜிஸ்டரில். இதில் ஒரே விதி: நேற்று நடந்ததே இன்றும் நடந்தால் எழுதாதே. நேற்று இல்லாதது எது, இன்று காணாமல்போனது எது, அதை மட்டும் எழுது.

"மூணுதான் சார்," என்றான் தங்கச்சாமி. "தெக்குச் சுவர் ஓரம் புதுசா சைக்கிள் தடம். பால்காரர் வரலை, அவர் தம்பி வந்தான். குடோன் நாய் காலைலேர்ந்து குரைக்கலை."

"நாய் என்னாச்சு?"

"குட்டி போட்டிருக்கு சார்."

"ஏலே, அதை முதல்ல எழுதுறதுக்கென்ன? மனுசனைப் பதற வைக்கே."

முதலாளி அறையில் மூன்று மணிக்குக் கூட்டம். கம்ப்யூட்டரை மேஜையோடு தூக்கி அங்கே கொண்டு வைத்திருந்தார்கள். டெலிபோன் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்திருந்தார்கள். ஆறு நாற்காலிகள். முதலாளி, குருசாமி, சௌந்தரபாண்டியன், ஐயாதுரை. எதிரே சென்னைக் கம்பெனி சோலைராஜ், டை கட்டி. அவருக்குப் பக்கத்தில் மதுரைக் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் நூர்பானு, மடியில் பைண்டு நோட்டோடு.

சோலைராஜ் முதலில் எழுந்தார். மளமளவென்று சென்னைத் தமிழ்.

"சார், உலகத்துல எந்த மூலைல உங்களைப் பத்தி எவன் எது எழுதினாலும் எங்க சிஸ்டம் விடாது. பத்து நாள்ல எத்தனை எச்சரிக்கை புடிச்சிருக்கு பாருங்க. ஆயிரத்து நூத்தி நாப்பது!"

திரை முழுக்கச் சிவப்பு வரிகள். முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"ஆயிரமா? நமக்கு அம்புட்டு எதிரியா?"

சௌந்தரபாண்டியன் எழுந்து திரையருகே வந்தார். ராணுவத்தில் கற்ற இங்கிலீஷ், எழுத்துக்கூட்டிப் படித்தார். "ரத்தம்... காயம்... தீக்காயம்... தம்பி, இது நம்ம ஆர்டர் லெட்டருல்ல?"

"அபாயமான வார்த்தை எது வந்தாலும் புடிச்சிடும் சார்."

"பேண்டேஜ் விக்கிறவன் வேற எதை எழுதுவான்? அல்வாவையா?"

நூர்பானு நோட்டால் வாயை மறைத்துக்கொண்டாள். குருசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி தம்பி," என்றார் சௌந்தரபாண்டியன். "மணி அடிக்குதுன்னு வைப்போம். யாரு எந்திரிச்சுப் பாப்பா?"

"சென்னைல எங்க கன்ட்ரோல் ரூம் இருக்கு சார். இருபத்திநாலு மணி நேரம்."

"பாத்து?"

"உடனே உங்களுக்குப் போன்."

"பெருமழை பெஞ்சா எங்க போன் செத்துருமே. சவத்துக்கா பேசுவீக?"

சோலைராஜ் டையைச் சரிசெய்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சென்னை சார்."

"அதுக்கு முன்னாடி?"

சற்றுத் தயங்கி, "தளவாய்புரம்," என்றார் சோலைராஜ். ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊர். முதலாளியே சிரித்துவிட்டார்.

"ஹவில்தார்," என்றார் குருசாமி, "கேள்வி கேக்கத்தான் ஈடிபி இருக்காரு. அவரும் உங்க வீட்டு ஆளுதான? உங்க கேள்வியை அவரே கேப்பாரு."

ஐயாதுரை தரையைப் பார்த்தான். இதற்குத்தான் அந்தத் தாளை அடித்தான். இந்த ஒரு வாக்கியத்திலிருந்து தப்பிக்க.

நூர்பானு எழுந்தாள்.

"சார், நான் முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எங்க சாஃப்ட்வேர் தானா எதுவும் செய்யாது. ஒரு நாளைக்கு ஆறு தடவை மதுரைக்கு லைன் போட்டு, பத்து நிமிஷம் பாத்துட்டு, நேத்து இல்லாத வரியை மட்டும் தனியா எடுத்து வைக்கும். எந்த வார்த்தையைத் தேடணும், எதை விடணும், நீங்கதான் எழுதிக் கொடுக்கணும். அதைப் பாக்க உங்ககிட்ட ஆள் வேணும். ஆள் இல்லைன்னா வாங்காதீங்க. வீண்."

"வித்துட்டுப் போக வந்தீங்களா, கெடுத்துட்டுப் போக வந்தீங்களாம்மா?" என்றார் முதலாளி.

"வித்த பிறகு நீங்க திட்டக்கூடாதுல்ல சார்."

அவளுடைய பத்து நாள் கணக்கு ஒரு பக்கம்தான். முப்பத்தொரு வரிகள். ஐயாதுரைக்கு அது மனப்பாடம். பத்து நாளில் புதிதாக வந்த மிரட்டல் ஐந்தும் அந்த முப்பத்தொன்றில் இருந்தன. சென்னையின் ஆயிரத்து நூற்று நாற்பதிலும் அந்த ஐந்து இருந்தன. தேடி எடுக்க அவனுக்கு ஒன்றரை நாள் ஆனது.

"நேரடியாவே காட்டிடறேன் சார்," என்று சோலைராஜ் முந்தினார். மோடம் கீச்சிட்டது. வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. லைன் கிடைத்தது. ஒரு நிமிடத்தில் சிவப்பு வரிகள் சரசரவென்று ஏறின. மேலே இருந்த வரியைச் சோலைராஜ் தொட்டுக் காட்டினார். குரல் உயர்ந்தது.

"பாருங்க! இன்னிக்கு மத்தியானம் போட்டிருக்கான்!"

ஐயாதுரை வாசித்துத் தமிழில் சொன்னான். 'ராஜபாளையத்து பேண்டேஜ், லாட் முந்நூற்றுப் பதினெட்டு. நூல் பிரிகிறது. உள்ளே கறை. ஆஸ்பத்திரி ஒன்று மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டது. ஜாக்கிரதை.'

முதலாளியின் முகம் வெளுத்தது. லாட் என்றால் ஒரே தொகுதியாக நெய்து வெளுத்து எண் போட்ட சரக்கு; முந்நூறுகளில் வந்த லாட்டெல்லாம் போன மாதம் பெல்ஜியம் போனவை. அதற்குத் தொடர்ச்சியான சரக்கோடு தூத்துக்குடி லாரி இதோ முற்றத்தில் நிற்கிறது. அவர் கை இன்டர்காமுக்குப் போனது.

"பேக்கிங்கா? லாரியை நிறுத்து. இறக்கு. அம்புட்டையும் பிரிச்சுப் பாருங்க."

"பாத்தீகளா அத்தான்?" என்றார் குருசாமி. "இவங்க ஆளு ஒரு மாசம் முந்தியே இங்க இருந்திருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்குமா?"

"முதலாளி," என்றார் சௌந்தரபாண்டியன். "அப்படி ஒரு லாட்டு..."

"ஹவில்தார்!" என்று குருசாமி குறுக்கிட்டார். "இது கம்ப்யூட்டர் விஷயம். கேட்டு விஷயம் வரும்போது கூப்பிடுதோம்."

சௌந்தரபாண்டியன் வாயை மூடிக்கொண்டார். உத்தரவுக்குப் பழகிய மனிதர். பெல்ட்டின் மேல் இருந்த கை மட்டும் இறுகியது.

அப்படி ஒரு லாட்டு. என்ன சொல்ல வந்தார்?

ஐயாதுரை மறுபடி திரையைப் பார்த்தான். மூன்று, ஒன்று, எட்டு. எட்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் லாட் எண் போடும் புரோகிராமை எழுதியவன் அவன்தான். பெரிய முதலாளி அப்போது உயிரோடு இருந்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "தம்பி, எட்டுல முடியற நம்பர் வரக்கூடாது. சனியன் கணக்கு," என்றார். மில் தொடங்கிய நாளிலிருந்து அவர் போட்ட உத்தரவு. ஏழுக்குப் பிறகு ஏழு-ஏ. அதன் பிறகு ஒன்பது. படித்த திமிரில் ஐயாதுரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அந்த வரியை எழுதினான். பிறகு மறந்தான். தான் எழுதிய வரியைத் தானே மறந்து, திரையில் முந்நூற்றுப் பதினெட்டு என்று வந்ததும் எல்லோரோடும் சேர்ந்து பயந்தான்.

எழுந்தான்.

"மாமா சொல்றது சரி."

எல்லாத் தலையும் திரும்பியது. நாலு வருஷத்தில் அந்தச் சொல் மில்லுக்குள் கேட்டதில்லை. சௌந்தரபாண்டியனே ஒரு நொடி திகைத்தார்.

"நம்மகிட்ட முந்நூத்திப் பதினெட்டுன்னு ஒரு லாட்டே கிடையாது முதலாளி. எட்டுல முடியறது எதுவும் கிடையாது. பதினேழு, பதினேழு-ஏ, பத்தொன்பது. உங்கப்பா போட்ட உத்தரவு."

ராஜரத்தினம் வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எங்கப்பா சொன்னது... எனக்கே மறந்துபோச்சே!"

"கேட்டுல ஒவ்வொரு பெட்டியும் நம்பர் பாத்துத்தான் வெளிய விடுதோம்," என்றார் சௌந்தரபாண்டியன். "இருவது வருசத்துல எட்டு போனதில்ல."

"அப்போ எழுதினவன் கண்ணால துணியைப் பாக்கவே இல்ல," என்றாள் நூர்பானு மெதுவாக. "நம்பரை அவனாவே எண்ணிப் போட்டிருக்கான்."

முதலாளி சோலைராஜ் பக்கம் திரும்பினார். "எட்டுல முடிஞ்சா பொய்னு உங்க சிஸ்டத்துக்குச் சொல்லி வைக்க முடியுமா?"

"ரிக்வெஸ்ட் எழுதி அனுப்பலாம் சார். ஹெட் ஆபீஸ்ல பாத்து... ஒரு ஆறு வாரம்."

"நீங்கம்மா?"

நூர்பானு கீபோர்டை ஐயாதுரை பக்கம் தள்ளினாள். அவனே ஒரு வரி அடித்தான். பழைய பதினான்கு மிரட்டல்களையும் அதன் வழியே ஓட்டினான். மழைச் சத்தத்தில் ஆறு பேரும் குனிந்து நின்றார்கள்.

ஐந்து வரிகளுக்கு முன்னால் ஒரு குறி விழுந்தது. இருநூற்று எண்பத்தெட்டு. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. முந்நூற்றெட்டு. எண் போட்டு எழுதியவை அந்த ஐந்துதான்; ஐந்தும் எட்டில் முடிந்தன. இல்லாத லாட்டுக்கு வந்த இல்லாத கறை.

"அட சண்டாளா," என்றார் முதலாளி. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்டர்காமை எடுத்தார். "இறக்கினதைத் திரும்ப ஏத்து. ஆமாய்யா, ஏத்து!" பிறகு ஐயாதுரையைப் பார்த்தார். "மணி நாலாகுது. நீங்க ஒரு பேரு சொல்லணும்ல?"

ஐயாதுரை பையிலிருந்து தாளை எடுத்தான். அத்தையின் குரல் காதில் வரும் என்று நினைத்தான். வரவில்லை. தன் குரல்தான் வந்தது.

"இதுல சென்னைக் கம்பெனி பேரு அடிச்சிருக்கேன் முதலாளி. அது தப்பு. பத்து நாள் ஓட்டிப் பாத்ததுல நமக்கு ஆகுறது மதுரைதான்னு எனக்கு முந்தியே தெரியும். மாமனாருக்காக எழுதினான்னு பேச்சு வருமேன்னு பயந்து மாத்தி அடிச்சேன்."

"இப்ப மட்டும் பேச்சு வராதாக்கும்?" என்றார் குருசாமி.

"வரட்டும் அண்ணாச்சி. மூணு காரணம் சொல்றேன், மூணும் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு, நீங்களே பாக்கலாம். நம்ம லைன் இருபத்திநாலு மணி நேரம் தாங்காது, பத்து நிமிஷம் தாங்கும். எதைத் தேடணும்னு நாமளே மாத்திக்கலாம், இப்ப மாத்தினோம். கடைசியா, அது நேத்து இல்லாததை மட்டும்தான் சொல்லுது. நம்ம கேட்டுல இருக்கிற பதினோரு பேரும் இருவது வருஷமா அதைத்தான் பாக்கிறாங்க. அவங்களை அனுப்பிட்டு எந்தச் சாஃப்ட்வேர் வாங்கினாலும் அதைப் படிக்க ஆளில்ல."

இம்புட்டுப் பேச்சை அவன் பதினான்கு மாதத்தில் ஒரே மூச்சாகப் பேசியதில்லை.

முதலாளி தாளை வாங்கினார். "கையெழுத்து இல்லையே."

"போடலை."

"அப்ப இது வெறும் தாளு." நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "நூர்பானும்மா, என்னிக்கு ஆளு அனுப்புவீங்க?"

"ஆளா சார்? நான்தான். இன்னிக்கே போட்டுக் கொடுத்துட்டுப் போறேன்."

குருசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெல்ஜியத்துக்கு உடனே பதில் எழுத வேண்டும். ஐயாதுரை விரல்களைக் கீபோர்டில் வைத்தான். எட்டின் கதையை விவரமாக எழுதத் தொடங்கியபோது சௌந்தரபாண்டியன் அவன் தோளில் கை வைத்தார்.

"காரணம் எழுத வேண்டாம் மாப்ள. அந்த லாட்டு எங்க லாட்டு இல்ல, உங்க குடோன்ல தேடிப் பாருங்கன்னு மட்டும் போடுங்க. ஏன் இல்லைங்கிறது இந்த ரூம்போட இருக்கட்டும்."

முதலாளி தலையாட்டினார். அப்படியே எழுதிப் போயிற்று.

அங்கே அப்போது மத்தியானம். ஒரு மணி நேரத்தில் ஃபேக்ஸ் கரகரத்தது. 'குடோன் முழுக்கப் பார்த்துவிட்டோம். 318 என்று ஒரு பெட்டிகூட இல்லை. உங்கள் வார்த்தை சரி. சரக்கை அனுப்புங்கள். அடுத்த ஆர்டரைப் பற்றித் திங்கட்கிழமை பேசுவோம்.'

முதலாளி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஃபேக்ஸ் தாளோடு தாமே முற்றத்துக்கு இறங்கி நடந்தார், குடைகூட இல்லாமல். லாரி டிரைவர் பீடியை எறிந்தான். கேட்டில் தங்கச்சாமி இரண்டு கதவையும் விரியத் திறந்தான். தூத்துக்குடி லாரி ஆரன் அடித்துக்கொண்டு சேற்றைத் தெறிக்கவிட்டுப் போனது. பதினோரு பேரில் ஷிப்டு இல்லாதவர்களும் எப்படியோ சேதி கேட்டு வந்திருந்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். சௌந்தரபாண்டியன் முறைத்தார். அடுத்த விசிலை முதலாளி அடித்தார்.

"நாளையிலேர்ந்து ஒரு ட்யூட்டி கூட," என்றார் சௌந்தரபாண்டியன். "ஷிப்டுக்கு ரெண்டு தடவை ஈடிபி ரூமுக்குப் போயி கம்ப்யூட்டரைப் பாக்கணும்."

"எனக்கு இங்கிலீஷ் வராதே சார்," என்றான் தங்கச்சாமி.

"நேத்து இல்லாத வரி எதுன்னு பாக்க வரும்ல? அதைக் காட்டு. படிக்க மாப்ள இருக்காரு."

மாப்ள என்றார். ஈடிபி சார் என்று சொல்லவில்லை. தங்கச்சாமி வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

சோலைராஜ் பெட்டியோடு கேட்டுக்கு வந்தார். டை சட்டைப் பைக்குள் போயிருந்தது. "அண்ணாச்சி, தளவாய்புரத்துக்கு இந்நேரம் பஸ் இருக்கா?"

"செத்த நேரம் நில்லுங்க, வரும். அம்மாவைப் பாத்து எம்புட்டு நாளாச்சு?"

"ரெண்டு வருசம் அண்ணாச்சி."

"அப்ப இன்னிக்கு யாவாரம் நஷ்டமில்ல, போங்க."

ஆறரை மணி. நூர்பானு எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு மதுரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் திரும்பி வந்துவிட்ட ஈடிபி ரூமில் ஐயாதுரை தனியாக இருந்தான். தங்கச்சாமி கொண்டு வைத்த டீயைக் குடித்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தது. தூக்கல் என்று தெரிந்தது. டம்ளரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மிச்சத்தையும் குடித்தான்.

மோடம் தானாகக் கீச்சிட்டது. மதுரை சாஃப்ட்வேரின் முதல் சொந்தச் சுற்று. பத்து நிமிடம் ஓடி நின்றது. திரையில் ஒரே ஒரு வரி.

படித்தான். எழுந்து கதவுக்குப் போய்க் கூப்பிட்டான்.

"மாமா!"

சௌந்தரபாண்டியன் மழைக்கோட்டு சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். ஐயாதுரை ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னான்.

"'மத்தியானம் போட்டதில் தட்டச்சுப் பிழை. லாட் 318 அல்ல. லாட் 317-ஏ.' மாமா, இது போட்டு முக்கால் மணி நேரம்தான் ஆச்சு."

சௌந்தரபாண்டியன் குனிந்து திரையைப் பார்த்தார்.

"மத்தியானம் அவனுக்கு ஏழு-ஏ தெரியாது," என்றான் ஐயாதுரை. "மூணு வாரமாத் தெரியாது. எட்டை வச்சு நாம புடிச்சோம்னு பெல்ஜியத்துக்குக்கூடச் சொல்லலை."

"எட்டை வச்சுப் புடிச்சது யாருக்குத் தெரியும்?"

"முதலாளி ரூம்ல இருந்த ஆறு பேருக்கு."

சௌந்தரபாண்டியன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பயப்படுவார் என்று ஐயாதுரை நினைத்தான். மீசைக்குக் கீழே சிரிப்பு பரவியது.

"மூணு வாரமா உலகம் பூராத் தேடினோம் மாப்ள. பெல்ஜியம், பம்பாய், கோயமுத்தூருன்னு. இன்னிக்கு ஆறு நாற்காலிக்குள்ள வந்து சிக்கிட்டான். சரி, எழுதுங்க. நம்ம ரெண்டு பேரைக் கழிச்சா மிச்சம் நாலு."

ஐயாதுரை பேனாவின் மூடியைத் திறந்தான்.

"நான் இன்னும் யாரையும் கழிக்கலை மாமா."

சௌந்தரபாண்டியன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு, கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார்.

"அப்படிப் போடுங்க! என் பேரை முதல்ல எழுதுங்க."

ஐயாதுரை ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். முதல் வரியில் மாமனார் பெயரை எழுதினான். இரண்டாவது வரியில் தன் பெயரை எழுதினான். மூன்றாவது பெயரின் முதல் எழுத்தைப் போடும்போது, வராந்தாவில் யாரோ வேகமாக நடந்து வருகிற காலடிச் சத்தம் கேட்டது.